பூதத்துக்கும் ஒரு ஹாரன்

நான் எட்டாவது வரை படித்தவன். துறைமுகத்தில் சிக்னல்மேன் வேலை பார்க்கிறேன். சிக்னல்மேன் என்றதும் ரயிலுக்குக் கொடி காட்டுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். கப்பலின் அடிவயிற்றில் சரக்கு இருக்கும். அதைத் தூக்குகிற கிரேன் மேலே இருக்கும். கிரேன் ஓட்டுகிறவர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பார். கீழே பள்ளத்தில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நான் நடுவில், கப்பலின் தளத்தில் விளிம்போரமாக நின்று கையைக் காட்டுவேன். ஆள்காட்டி விரலை மேலே நீட்டி வட்டமாகச் சுற்றினால், தூக்கு. விரலைக் கீழே காட்டிச் சுற்றினால், இறக்கு. கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைத் தரையைப் பார்க்க வைத்து அசைத்தால், நிறுத்து. அந்த இரைச்சலில் வாயால் சொல்வது எதுவும் கேட்காது. பதினெட்டு வருடமாக நான் கையால்தான் பேசிச் சம்பாதிக்கிறேன்.

இப்படிப்பட்ட ஆள் மந்திரவாதிக் கதை எழுத வந்ததற்கு என் மகள்தான் காரணம். அப்போது அவள் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளி நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். ஒரு சின்னப் பையன் மந்திரம் சொல்லி பூதத்தை வரவழைக்கிற கதை. ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "நான் சொல்றேன் ஒரு கதை" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

சொல்வது சுலபமாக இல்லை. அவள் ஒவ்வொன்றையும் ஞாபகம் வைத்திருந்தாள்.

"இன்னா நைனா, நேத்து பூதத்துக்கு மூணு வெரலுன்ன. இன்னிக்கு நாலுன்ற."

"ஒண்ணு வளந்துடுச்சி."

"ஒரே நாள்ல வளருமா? சும்மா கத வுடாத."

கதைதானே விடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். எழுதிவிட்டால் விரல் கூடாது, குறையாது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு எழுதுவேன். என் கதையில் மந்திரவாதி ஒரு பெண், பதினோரு வயது. கடற்கரையில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டால் கடலுக்குள்ளிருந்து பூதம் எழுந்து வரும். கருப்பாக, உயரமாக, அகன்ற தோளோடு இருக்கும். இங்கே ஒரு சிக்கல் வந்தது. எனக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது. ஏதாவது 'ஜீம் பூம்' என்று எழுதலாம். எழுதிப் பார்த்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது. கடைசியில் பூதத்துக்குக் காதே கிடையாது என்று எழுதினேன். கண் மட்டும்தான். மந்திரவாதி கையைக் காட்டுவாள், அது செய்யும். எந்தக் கையைக் காட்டுவாள்? எனக்குத் தெரிந்ததைத்தான். தூக்கு, இறக்கு, நிறுத்து.

இது எங்கள் பிளாக்கில் இவ்வளவு பரவும் என்று நான் நினைக்கவில்லை. நாங்கள் இருப்பது திருவொற்றியூரில், வாரியக் குடியிருப்பில், மூன்றாவது மாடி. என் மகள் நோட்டை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து மற்ற பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினாள். பதினைந்து நாளில் பிளாக் முழுக்கப் பிள்ளைகள் விரலைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ஐஸ் வண்டிக்காரரை 'நிறுத்து' காட்டி நிறுத்தினார்கள். மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறக்குகிற பெண்களுக்கும் 'இறக்கு' காட்டினார்கள்.

என் மனைவி சிரித்தாள். "ஆபீசரு, உன்னால பிளாக்கே ஹார்பராட்டம் ஆயிடுச்சி."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. படிக்காத ஆள் எழுதியதைப் பத்துப் பிள்ளைகள் காத்திருந்து கேட்கிறார்கள் என்றால் சும்மாவா?

ஒரு நாள் காலை ஷிப்ட் முடிந்து நாலு மணி வாக்கில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தேன். பள்ளி விட்டுப் பிள்ளைகள் எதிரே வந்தார்கள். முன்னால் ஒரு பெண் நடந்து வந்தாள். அவள் முதுகில் மூன்று புத்தகப் பை, முன்பக்கம் இரண்டு. வயசுக்கு மிஞ்சிய உயரம், நல்ல தோள். எங்கள் பிளாக்கில் தரைத்தளத்துக்குப் புதிதாகக் குடிவந்த பிள்ளை என்று அடையாளம் தெரிந்தது. எண்ணூர் தாழங்குப்பத்திலிருந்து வந்தவர்கள், அம்மாவும் மகளும் மட்டும். அம்மாவுக்குக் காசிமேட்டில் இறால் உரிக்கிற வேலை.

அந்தப் பெண்ணுக்குப் பின்னால் என் மகள் கையைக் காட்டிக்கொண்டு வந்தாள். விரலை மேலே சுற்றினால் அந்தப் பெண் பைகளை உயர்த்திப் பிடித்தாள். உள்ளங்கையை அசைத்தால் நின்றாள். கூட வந்த பிள்ளைகள் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. என் மகள் 'நிறுத்து' காட்டும்போது கையை மடக்கிக் காட்டினாள். தொழில் புத்தி சும்மா இருக்குமா? கிட்டே போய் அவள் முழங்கையைப் பிடித்து நிமிர்த்திவிட்டேன்.

"கைய மடக்காத. நேரா வை. மடக்கனா ஓட்றவங்களுக்குப் புரியாது" என்றேன்.

பை சுமந்த பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். வெயிலில் களைத்திருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அந்தப் பெண்ணின் அம்மா மூன்று மாடி ஏறி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே?"

"சொல்லு தங்கச்சி."

"எம்பொண்ணு மூணு நாளா ஸ்கூலுக்குப் போவல. வயித்து வலின்றா. வயித்து வலியும் இல்ல ஒண்ணும் இல்ல. அவள எல்லாரும் பூதம்னு கூப்புடறாங்களாம். கிளாஸ்ல, ரோட்ல, இங்க படிக்கட்ல. பேரே அதான்னு ஆயிடுச்சாம். நா வந்து யாரயும் திட்ல. திங்கக்கிழம அவள எண்ணூர்லயே எங்கக்கா வூட்ல கொண்டுபோய் வுட்டுடறேன். அங்கயே படிக்கட்டும். உங்கிட்ட சொல்லிக்கினு போலாம்னுதான் வந்தேன்."

"நீ?"

"எனக்கு வேல இங்க கீதே. நா இங்கதான் இருந்தாவணும்." படிப்பக்கம் திரும்பி, "ஒத்த புள்ளண்ணே" என்றாள். இறங்கிப் போய்விட்டாள்.

என் மகள் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"நாங்க ஒண்ணும் கட்டாயப்படுத்தல. காட்னோம், அவ தூக்குனா. முடியாதுன்னு ஒரு தடவயாவது சொன்னாளா?"

"எப்பிடி சொல்லுவா?"

"பூதம் எங்கயாவது முடியாதுன்னு சொல்லுமா? நீதான எழுதன? அதுக்குக் காதும் இல்ல. வாய நீ எழுதவே இல்ல."

அவள் எதிர்த்துப் பேசுகிறாள் என்று என் மனைவி அதட்டினாள். எனக்கு அதட்ட வரவில்லை. நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். ஏழு அத்தியாயம். பூதம் பாறை தூக்கியிருந்தது, படகு தூக்கியிருந்தது, மந்திரவாதியைத் தோளில் வைத்துக் கடலைத் தாண்டியிருந்தது. ஏழு அத்தியாயத்தில் அது ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தடவை கூட நான் அதைச் சாப்பிட வைக்கவில்லை. 'கருப்பாக, உயரமாக, அகன்ற தோளோடு' என்ற வரியை மறுபடி படித்தேன். அந்தப் பிள்ளை படிக்கட்டில் உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கிறாள். மற்ற பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

நான் நினைத்து எழுதியது கிரேனை. பிள்ளைகள் அதில் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். நான் பக்கத்தில் நின்று முழங்கையை நேராக்கிவிட்டிருக்கிறேன்.

மகளைக் கீழே அனுப்பி மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். போய்விட்டு இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"சாரின்னேன். பாத்துட்டுக் கதவ சாத்திக்கினா."

"நோட்டக் கிழிச்சுப் போட்டுடறேன்" என்றேன் மனைவியிடம்.

"கிழி. நோட்டுல இருந்து போயிடும். புள்ளைங்க வாயில இருந்து போயிடுமா?" என்று கேட்டாள் அவள்.

வெள்ளிக்கிழமை இரும்புக் குழாய் ஏற்றி வந்த கப்பல். காலையிலிருந்து கை காட்டினேன், மனசு கையில் இல்லை. டீ குடிக்கிற நேரத்தில் கிரேன் ஓட்டுகிறவர் இறங்கி வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ராயபுரத்துக்காரர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார், திங்கள் தவறாமல் என்னைக் கிண்டல் செய்வார்.

"இன்னா மாமு, மூஞ்சி பேஜாரா கீது? வூட்ல சோறு போடலியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். பூதத்துக்குக் காதில்லை, கையைப் பார்த்து வேலை செய்யும் என்று சொன்ன இடத்தில் அவர் டீயைக் கீழே வைத்தார்.

"இரு, இரு. அப்ப நீ என்னியத்தான் பூதமா எழுதிக்கினு கீறியா?"

"உன்ன இல்லண்ணே. கிரேன."

"கிரேன் தானா ஓடுதா? உள்ள நான் குந்திக்கினு கீறேனே, அது கண்ணுக்குத் தெரியலியா உனக்கு?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஒண்ணு கேக்கறேன். போன மழையில ஒரு நாளு நீ தூக்கு தூக்குன்னு காட்டிக்கினே இருந்த. நா தூக்கல. ஞாபகம் கீதா?"

ஞாபகம் இருந்தது. மூன்று தடவை விரலைச் சுற்றினேன். கொக்கி அசையவில்லை. மேலே பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னேன். அவர் பதிலுக்கு ஹாரன் அடித்தார், விடாமல் அடித்தார். பிறகு இறங்கி வந்து காட்டினார். உச்சியில் கம்பி வடம் சக்கரத்தை விட்டு விலகியிருந்தது. தூக்கியிருந்தால் அறுந்திருக்கும். பள்ளத்தில் ஆறு பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உனக்குக் கீழ தெரியும். எனக்கு மேல தெரியும்" என்றார் அவர். "உன் கையப் பாக்கறேன், சரி. தூக்கறதா வேணாமான்னு நானும்தான் பாக்கறேன். எனக்கு வாய் எட்டாது, அதுக்குத்தான் ஹாரன் வெச்சிக் குடுத்திருக்கான். உன் பூதத்துக்கு ஹாரன் குடுக்காம வுட்டது யாரு தப்பு?"

டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். "போயி அந்தப் புள்ளையப் பாரு. நோட்ட அப்பறம் பாத்துக்கலாம்."

சனிக்கிழமை மத்தியானம் தரைத்தள வீட்டுக்குப் போனேன். அறையின் மூலையில் ஒரு பெரிய கட்டைப்பை தயாராக இருந்தது. மேலே மடித்து வைத்த சீருடை. அம்மா ஸ்டூல் எடுத்துப் போட்டாள். மகள் சுவரோரம் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பாப்பா, அன்னிக்கு ரோட்ல உன்ன அப்பிடிப் பாத்துட்டு நா தடுத்திருக்கணும். தடுக்காம எம்பொண்ணு கைய சரி பண்ணேன். தப்பு என்னுது. சாரிம்மா."

அவள் பேனாவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "சாரி சொன்னா நா சரின்னு சொல்லணுமா?"

"வேணாம்."

"அப்ப சொல்லல."

அம்மா "ஏய்" என்றாள். நான் பரவாயில்லை என்றேன். உண்மையிலேயே எனக்குப் பரவாயில்லைதான். அவள் முடியாது என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

பேச வேறு எதுவும் இல்லாததால் கிரேன்காரர் கதையைச் சொன்னேன். மழை, நான் சுற்றிய விரல், என் வாயிலிருந்து வந்த கெட்ட வார்த்தை வரைக்கும். கெட்ட வார்த்தை எது என்று மட்டும் சொல்லவில்லை. ஹாரன் அடித்த இடத்தில் மூடியைக் கழற்றுவது நின்றது.

"எப்பிடி அடிச்சாரு?"

அடித்துக் காட்டினேன். எனக்குச் சரியாக வரவில்லை. எருமை கத்துகிற மாதிரி வந்தது.

"அது ஹாரனே இல்ல" என்றாள். "எங்க ஊர் முகத்துவாரத்துல நின்னா கப்பல் ஹாரன் கேக்கும். இப்பிடி இருக்காது."

"எப்பிடி இருக்கும்?"

கையை நீட்டினாள். நோட்டைக் கேட்கிறாள் என்று புரிந்தது. கொடுத்தேன். அவள் ஏழு அத்தியாயத்தையும் படித்து முடிக்கிற வரைக்கும் நானும் அவள் அம்மாவும் இறால் விலையைப் பற்றியும், ரோட்டில் வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம்.

மூடிவிட்டுச் சொன்னாள். "அது ஏன் எல்லாத்தயும் தூக்குது? இந்தப் பொண்ணு அதுக்கு இன்னா குடுத்தா?"

"தெரியல. நா எழுதல."

"எழுதுங்க" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டாவது அத்தியாயத்தை எழுதினேன். சாயங்காலம் ஐந்து மணிக்குப் படிக்கட்டில் பிள்ளைகளை உட்கார வைத்து நானே படித்தேன். வழக்கமாக என் மகள்தான் படிப்பாள். அன்று அவளைக் கேட்கிற பக்கத்தில் உட்காரச் சொன்னேன். அந்தப் பெண் தன் வீட்டுக் கதவை ஒட்டி, கடைசிப் படிக்குக் கீழே நின்றாள். கதவு பாதி திறந்திருந்தது.

மணலில் புதைந்த ஒரு படகு. மந்திரவாதி விரலைச் சுற்றுகிறாள். பூதம் தூக்கவில்லை. மறுபடி சுற்றுகிறாள். தூக்கவில்லை. மூன்றாம் தடவை சுற்றும்போது பூதம் கையைக் கட்டிக்கொண்டு கப்பல் மாதிரி ஹாரன் அடிக்கிறது. அதோடு நிறுத்தினேன். அதற்கு மேல் எழுதியிருக்கவில்லை.

"மந்திரம் போயிடுச்சா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"போவல."

"அப்ப ஏன் தூக்கல?" என்றாள் என் மகள்.

"எனக்குத் தெரியல. எழுதனவனுக்கு எல்லாம் தெரியணுமா இன்னா?"

என் மகள் என்னைப் பார்த்தாள். பிறகு கீழே நின்ற பெண்ணைப் பார்த்தாள். பிடிவாதக்காரி. அந்தப் பெண்ணிடம் கேட்பது அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

மேல்படியிலிருந்து ஒருவன், "பூதம் சொல்லப் போவுது டோய்" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அந்தப் பெண் இரண்டு கையையும் வாயருகே குவித்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. நீளமான, கனமான அந்தச் சத்தத்தில் படிக்கட்டுச் சுவரெல்லாம் அதிர்ந்தது. முதல் மாடியில் ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அது ஹாரன்தான், நான் பதினெட்டு வருடமாகக் கேட்கிற ஹாரன். சிரிப்பு நின்றுவிட்டது. மேல்படிப் பையன் வாயை மூடிக்கொண்டான்.

அமைதியான பிறகு அவள் சொன்னாள். "தூக்கறது அதுக்குப் புடிக்கும். எவ்ளோ வெயிட்டா இருந்தாலும் தூக்கும். ஆனா வெரலக் காட்னா தூக்காது இனிமே. அதுக்குக் காது கீது, பேரும் கீது. பேரச் சொல்லிக் கேக்கணும்."

"இன்னா பேரு?" என்றாள் என் மகள்.

"அத்த ஏன் நா சொல்லணும்? தெரிஞ்சவங்க கூப்டட்டும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை எனக்கு மதிய ஷிப்ட். காலையில் பல் விளக்கிக்கொண்டு வராந்தாவில் நின்றேன். கீழே அந்த அம்மா கட்டைப்பையோடு வாசலில் நின்றிருந்தாள். எண்ணூர் பஸ்ஸுக்கு நேரம் பார்க்கிறாள் என்று தெரிந்தது. மகள் உள்ளேயிருந்து வரவில்லை.

என் மகள் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். வழக்கமாக நாலு பிள்ளைகளோடு சத்தமாகப் போகிறவள் அன்று தனியாகப் போனாள். தரைத்தள வீட்டுக்கு முன்னால் நின்றாள். கையைத் தூக்கவில்லை. கதவைப் பார்த்து ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பூவின் பெயர். இத்தனை நாளில் அந்தப் பிள்ளையின் பெயர் என்னவென்று நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுபடி கூப்பிட்டாள். "மணி ஆவுதுடி. வரியா?"

கொஞ்சம் பொறுத்து அந்தப் பெண் வந்தாள். எண்ணூருக்குப் போக உடுத்தியிருந்த கவுனில்தான் இருந்தாள். தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கட்டைப்பையைக் கீழே வைத்தாள். அவள் குனிந்து கட்டைப்பையின் மேலிருந்து சீருடையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"லேட்டாவும்" என்றாள் அம்மா என் மகளிடம்.

"ஆவட்டும் ஆன்ட்டி" என்றாள் என் மகள். அங்கேயே வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

'பூதம்' என்ற பெயர் அன்றே போய்விடவில்லை. வகுப்பில் இன்னும் ஒரு மாதத்துக்கு ஒன்றிரண்டு பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஹாரன் அடிப்பாள் என்பது தெரிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவர்கள் இருவரும் உயிர்த்தோழிகள் ஆகிவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. சண்டை போட்டுக்கொள்கிறார்கள், பேசாமல் இருக்கிறார்கள், மறுபடி பேசிக்கொள்கிறார்கள்.

அன்று காலை அவர்கள் இருவரும் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நான் மேலே நின்று பார்த்தேன். இரண்டு பேர், இரண்டு பை. கீழே அந்த அம்மா கட்டைப்பையைத் தூக்கி வீட்டுக்குள் வைத்தாள். பிறகு வேலைக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டினாள்.